5.6 அடி என்பது 5 அடி 6 அங்குலம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுப் பொருள்களைப் பற்றிய கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் '5.6 அடி உயர அலமாரி', '4.9 அடி அகல ஜன்னல்' என்று அச்சாகி வருகிறது. எழுதியவர் மனத்தில் இருப்பது 5 அடி 6 அங்குலம். படிப்பவர் கால்குலேட்டரில் தட்டுவது 5.6. இரண்டும் ஒன்றல்ல. 5 அடி 6 அங்குலம் என்றால் 66 அங்குலம், அதாவது 167.6 சென்டிமீட்டர். 5.6 அடி என்றால் 67.2 அங்குலம், 170.7 சென்டிமீட்டர். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் போதும், பரணுக்குக் கீழே நிற்க வேண்டிய அலமாரி நிற்காமல் போக. 5 அடி 10 அங்குலத்தை 5.10 என்று எழுதினால் இன்னும் மோசம். கணக்கில் அது 5.1 அடிதான், 155.4 சென்டிமீட்டர். உண்மையான அளவு 177.8. ஏறக்குறைய ஒரு சாண் காணாமல் போகிறது.

அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புள்ளி வைத்து எழுதியதுமே கையில் உள்ள கருவி அதைப் பத்தாகப் பிரித்துக்கொள்கிறது. 3 அங்குலம் என்பது 0.25 அடி, 6 அங்குலம் 0.5 அடி, 9 அங்குலம் 0.75 அடி. இந்த மூன்றும் நினைவில் நின்றால் பாதித் தவறுகள் நின்றுவிடும். மற்றவற்றுக்கு அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும்: 4 அங்குலம் 0.333, 7 அங்குலம் 0.583, 11 அங்குலம் 0.917. இதைவிடப் பாதுகாப்பான வழி, அடியையே விட்டுவிடுவது. அடியைப் பன்னிரண்டால் பெருக்கி, மீதி அங்குலத்தைக் கூட்டி, எல்லாவற்றையும் அங்குலமாக்கிக்கொண்டு, பிறகு 25.4-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும். 4 அடி 9 அங்குல ஜன்னல் 57 அங்குலம். 57 × 25.4 = 1447.8 மி.மீ. இதையே 4.9 அடி என்று எடுத்தால் 1493.5 மி.மீ. ஜன்னல் சட்டத்துக்குள் பொருத்தும் மடிப்புத் திரையை இந்த அளவுக்குச் செய்யச் சொன்னால் 46 மி.மீ. பெரிதாக வந்து சேரும். வெட்டிச் சரிசெய்ய முடியாத பொருள் அது.

திரும்பும் பாதையிலும் இதே பள்ளம் உண்டு. 170 சென்டிமீட்டரை 30.48-ஆல் வகுத்தால் 5.577 வரும். இதைப் பார்த்துப் பலர் 5 அடி 5 அங்குலம் என்றோ, ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேல் என்றோ எழுதிவிடுகிறார்கள். 0.577 என்பது அடியின் பின்னம். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 6.93 அங்குலம். சரியான விடை 5 அடி 7 அங்குலம்.

பரப்பளவில் இந்தத் தவறு பெருகும். 10 அடி 6 அங்குலத்துக்கு 12 அடி 3 அங்குலம் உள்ள அறை 10.5 × 12.25, அதாவது 128.6 சதுர அடி; சதுர மீட்டரில் 11.95. இதை 10.6 × 12.3 என்று பெருக்கினால் 130.4 சதுர அடி என்று காட்டும். இன்னொரு பெரிய தவறு, சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 3.28-ஆல் ஒரே ஒரு முறை பெருக்குவது. நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருப்பதால் இங்கே பெருக்க வேண்டிய எண் 10.764. 20 சதுர மீட்டர் என்பது 215 சதுர அடி, 66 அல்ல.

இந்த 25.4 தோராயமான எண் என்று பலர் நினைக்கிறார்கள். அது துல்லியமானது, அதற்குப் பின்னால் வேறு தசம இலக்கம் கிடையாது. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று வரையறுத்தன. அதை 36-ஆல் வகுத்தால் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. அதற்கு முன் அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமும் மிக நுண்ணிய அளவில் வேறுபட்டன. அமெரிக்க அங்குலம் இன்றைய அங்குலத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஐந்து பங்கு நீளம். வீட்டு வேலைக்கு அது பொருட்டல்ல, இயந்திர உதிரிபாகத் தொழிலுக்குத் தலைவலி.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. 5 அங்குலம் என்பது 127 மி.மீ., மிச்சமில்லாமல். இரு அளவும் முழு எண்ணாகச் சந்திக்கும் முதல் இடம் அதுதான். இரண்டு அளவுகளும் அச்சிட்ட டேப்பை நீட்டி 5 அங்குலக் கோட்டுக்கு நேரே 127, 50 அங்குலத்துக்கு நேரே 1270, 100 அங்குலத்துக்கு நேரே 2540 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்த டேப்பில் ஒரு பக்கத்து அளவை நம்பலாகாது.

மில்லிமீட்டரிலிருந்து அங்குலத்துக்குப் போகும்போது பின்னம் தேவைப்படும், ஏனென்றால் அங்குல டேப்பில் தசமக் கோடுகள் இல்லை. 683 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25.4-ஆல் வகுத்தால் 26.89. முழு எண் 26-ஐத் தனியே வைத்துவிட்டு, மீதி 0.89-ஐப் பதினாறால் பெருக்கினால் 14.2. ஆக 14/16, சுருக்கினால் 7/8. விடை 26 அங்குலமும் 7 நூலும், எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற தச்சர் கணக்கில். பதினாறில் ஒன்றுக்கு முழுமையாக்கினால் பிழை அதிகபட்சம் 0.8 மி.மீ.; நூல் அளவுக்கு, அதாவது எட்டில் ஒன்றுக்கு, முழுமையாக்கினால் 1.6 மி.மீ. கதவுக்கும் அலமாரிக்கும் முதலாவது போதும். கண்ணாடிக்கு மில்லிமீட்டரிலேயே அளந்து மில்லிமீட்டரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

முழுமையாக்கும்போது எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைப் பள்ளிக்கூட விதி தீர்மானிக்கக் கூடாது. பொருள் நுழைய வேண்டிய இடத்தின் அளவு என்றால் கீழே தள்ள வேண்டும். நுழையப் போகும் பொருளின் அளவு என்றால் மேலே தள்ள வேண்டும். 34 அங்குலமும் 5 நூலும் உள்ள இடைவெளி 879.475 மி.மீ. அதை 879 என்று எழுதுங்கள், 880 என்றல்ல. இடைவெளியை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர்கள் நேராக நிற்பதாக நம்பி ஓரிடத்தில் மட்டும் அளப்பவருக்கு எந்த மாற்று எண்ணும் உதவாது.

ஓர் அடிக்கு 30 சென்டிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்ற மனக்கணக்கு, பொருளை மதிப்பிடுவதற்கு மட்டும்தான். 8 அடியை 240 செ.மீ. என்று எடுத்தால் 38 மி.மீ. குறைகிறது. 72 அங்குலத் திரைச்சீலையை 180 செ.மீ. என்றால் 29 மி.மீ. குறைகிறது. இரண்டரையால் பெருக்கியே பழகியவர்கள், வரும் விடையில் நூற்றுக்கு 1.6 கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும்: 180 + 2.9 = 182.9. துணிக்கு இன்னொரு எச்சரிக்கை. கஜமும் மீட்டரும் ஏறக்குறைய ஒன்று என்று எண்ணி 8 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 8 கஜம் வாங்கினால் கையில் இருப்பது 7.32 மீட்டர். திரையின் மடிப்புக்கும் ஓரத் தையலுக்கும் வேண்டிய துணி அந்த 68 சென்டிமீட்டரில்தான் இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. வீட்டு வேலையில் அதிகம் ஏமாற்றுவது கணக்கல்ல, பெயர். அங்குலத்தில் சொல்லப்படும் பல அளவுகள் அளவே அல்ல, வெறும் பெயர்கள். அவற்றை 25.4-ஆல் பெருக்குவது வீண் வேலை.

தரை ஓடுகளைப் பாருங்கள். '2 அடிக்கு 2 அடி டைல்ஸ்' என்று சொல்வது பெரும்பாலும் 600 × 600 மி.மீ. டைல்ஸைத்தான். இரண்டு அடி என்பது 609.6 மி.மீ. ஓட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு. ஓர் ஓடு 4 சதுர அடி இல்லை, 3.875 சதுர அடி. 600 சதுர அடித் தரைக்கு 150 ஓடுகள் என்று கணக்குப் போட்டவர், சேதாரத்துக்கு முன்பே ஐந்து ஓடுகள் குறைவாக வாங்கியிருக்கிறார். பிறகு போய்க் கேட்டால் அதே சாயத் தொகுப்பு கிடைக்காமல் போகலாம். பக்கத்தில் வைத்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சதுர மீட்டரை எடுத்துக் கணக்கிடுவதே சரி. நான்கு ஓடுகள் உள்ள பெட்டியில் 1.44 சதுர மீட்டர் என்று இருக்கும், அது 15.5 சதுர அடி, 16 அல்ல.

பதிக்கும்போதும் இதன் விளைவு தெரியும். 10 அடிச் சுவர் 3048 மி.மீ. 'இரண்டு அடி' ஓடு ஐந்து வைத்தால் சரியாக முடியும் என்று தோன்றும். ஐந்து ஓடுகள் 3000 மி.மீ., இணைப்புக்கு 2 மி.மீ. வீதம் ஐந்து இடைவெளி 10 மி.மீ.; மீதி 38 மி.மீ. இவ்வளவு மெல்லிய கீற்றை நேராக வெட்டுவது கடினம், வெட்டினாலும் உடையும், பதித்தாலும் பார்க்க அழகில்லை. முன்கூட்டியே மில்லிமீட்டரில் கணக்கிட்டால் நடுவில் நான்கு முழு ஓடுகளும் இரு முனையிலும் 319 மி.மீ. துண்டுகளும் வைக்கலாம். இரு ஓரமும் ஒரே மாதிரி இருக்கும். சுவரோரம் விடும் இடைவெளியை இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பிளைவுட்டிலும் பெயருக்கும் அளவுக்கும் இடைவெளி உண்டு. 'முக்கால் அங்குலம்' என்று கேட்டு வாங்குவது பல இடங்களில் 18 மி.மீ. பலகை. உண்மையான முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. வெளி அகலம் 900 மி.மீ. உள்ள அலமாரிக்கு இரு பக்கப் பலகையையும் கழித்தால் உள் அகலம் 864. முக்கால் அங்குலம் என்று நம்பிக் கழித்தால் 861.9. தட்டுகள் இரண்டு மில்லிமீட்டர் குட்டையாகி, திருகை இறுக்கும்போது பக்கங்கள் உள்ளே வளையும். பலகை நுழையும் காடியை முக்கால் அங்குல வெட்டுக்கருவியால் எடுத்தால் 18 மி.மீ. பலகை அதில் ஆடும். பலகை கைக்கு வந்த பிறகு காலிப்பரில் (தடிமனையும் விட்டத்தையும் நுட்பமாக அளக்கும் கருவி) அளந்து, அந்த எண்ணை வைத்துத்தான் வரைபடத்தை முடிக்க வேண்டும்.

8-க்கு 4 அடிப் பலகையின் அகலம் 1220 மி.மீ. அதிலிருந்து 16 அங்குலத் துண்டு மூன்று எடுக்கலாம், 16 × 3 = 48 என்று கணக்குச் சொல்லும். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தின்றுவிடுகிறது. இரண்டு வெட்டுக்கு 6 மி.மீ. போனால் மூன்றாவது துண்டு 401 மி.மீ.தான் இருக்கும், வேண்டியது 406. அதனால் 400 மி.மீ. என்று முதலிலேயே திட்டமிடுவது நல்லது. மூன்று துண்டும் சமமாக வரும், ஓரத்தைச் சீவ 14 மி.மீ. மிஞ்சும்.

குழாய்க்கு வருவோம், அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான். 'அரை அங்குல' பிரிட்டிஷ் மரை (திருகும் புரி) உள்ள குழாய் முனையை வெளிப்புறம் அளந்தால் 21 மி.மீ. இருக்கும். 12.7 எங்கேயும் இருக்காது. முக்கால் அங்குலம் என்பது 26.4 மி.மீ., ஓர் அங்குலம் என்பது 33.2 மி.மீ. இந்தப் பெயர்கள் ஒரு காலத்தில் இரும்புக் குழாயின் உள்துளையைக் குறித்தன. குழாயின் தடிமன் மாறியும் பெயர் நிலைத்துவிட்டது. மில்லிமீட்டரில் பெயரிடப்படும் 20, 25, 32 மி.மீ. பிளாஸ்டிக் குழாய்களில் அந்த எண் வெளிவிட்டம். சுடுநீருக்குப் போடும் அரை அங்குல சி.பி.வி.சி. குழாய் சில தரங்களில் 15.9 மி.மீ. வெளிவிட்டத்தோடு வரும். ஆக 'அரை அங்குலம்' என்ற ஒரே சொல்லுக்கு இரும்பில் ஓர் அளவு, சி.பி.வி.சி.யில் ஓர் அளவு. மாற்றுப் பொருள் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போவது எந்தக் கணக்கையும்விட மேல். முடியாவிட்டால் காலிப்பரால் வெளிவிட்டத்தை அளந்து அந்த மில்லிமீட்டரைச் சொல்ல வேண்டும்.

மரையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அரை அங்குலக் குழாயில் பிரிட்டிஷ் மரையும் அமெரிக்க மரையும் அங்குலத்துக்கு 14 சுற்று கொண்டவை. அதனால் ஒன்று மற்றொன்றில் ஏறும். ஆனால் பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை. எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் கசியக்கூடும். ஓர் அங்குலக் குழாயில் பிரிட்டிஷ் மரையின் 11 சுற்றும் அமெரிக்க மரையின் 11½ சுற்றும் மோதிக்கொள்வதால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். அங்கே பெரிய ஸ்பேனர் போட்டு அழுத்துவதுதான் குழாயை உடைக்கிறது.

நட்டு போல்ட்டுக்கும் சில எண்கள் தெரிந்திருக்க வேண்டும். 19 மி.மீ. ஸ்பேனரும் முக்கால் அங்குல ஸ்பேனரும் நடைமுறையில் ஒன்றே, வேறுபாடு 0.05 மி.மீ. 8 மி.மீ.யும் 5/16 அங்குலமும் அப்படித்தான். ஆனால் 13 மி.மீ.யும் அரை அங்குலமும் ஒன்றல்ல. அரை அங்குல ஸ்பேனர் 13 மி.மீ. தலையில் ஏறாது, 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் 0.3 மி.மீ. தளர்ந்து உட்கார்ந்து, துருப்பிடித்த போல்ட்டாக இருந்தால் அதன் மூலைகளை உருட்டிவிடும். 10 மி.மீ. ஸ்பேனரை 3/8 அங்குலத் தலையில் போட்டால் தளர்வு அரை மில்லிமீட்டருக்கு அருகில், தொடவே வேண்டாம். எம்6 போல்ட்டையும் கால் அங்குல போல்ட்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒன்று 6 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. மற்றது 6.35 மி.மீ., பொதுவான வகையில் அங்குலத்துக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27 மி.மீ. விரலால் நான்கு சுற்று தடையின்றி ஏறாத நட்டு அந்தப் போல்ட்டுக்கு உரியது அல்ல.

தொலைக்காட்சியின் அங்குலம் மூலைக்கு மூலை. 43 அங்குலம் என்றால் 109 செ.மீ., ஆனால் அது அகலமல்ல. 16:9 திரையில் அகலத்துக்கு 0.872-ஆலும் உயரத்துக்கு 0.49-ஆலும் பெருக்க வேண்டும்: அகலம் 95 செ.மீ., உயரம் 53.5 செ.மீ. 55 அங்குலத்துக்கு அகலம் 122 செ.மீ. இது திரையின் அளவு மட்டுமே. சட்டத்துக்குக் கொஞ்சம் கூடும். சுவரில் மாட்டும் தாங்கியின் துளைகளுக்கு அங்குலமே கிடையாது. 200 × 200, 400 × 400 என்று மில்லிமீட்டரில்தான் இருக்கும். திரை அங்குலத்தை வைத்து அதை ஊகிக்க முடியாது.

கட்டிலும் மெத்தையும் வெவ்வேறு முறையில் வாங்கினால் ஒத்துப்போகாது. 160 செ.மீ. கட்டிலில் 60 அங்குல மெத்தை போட்டால் 7.6 செ.மீ. இடைவெளி விழும். 60 அங்குலக் கட்டிலில் 160 செ.மீ. மெத்தை நுழையாது. ஏ4 தாள் 297 மி.மீ. நீளம், அமெரிக்க லெட்டர் தாள் 279.4, ஒன்றுக்கான சட்டகம் மற்றொன்றுக்கு ஆகாது. பிளாஸ்டிக் விரிப்பின் தடிமனைக் குறிக்கும் 'மில்' என்பது மில்லிமீட்டரின் சுருக்கம் இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 6 மில் விரிப்பு 0.15 மி.மீ. தடிமன்தான்.

டேப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதன் முனைக் கொக்கி சற்றே ஆடும். அது பழுதல்ல. வெளிப்புறமாக மாட்டி இழுக்கும்போதும் உள்புறம் முட்டி அழுத்தும்போதும் கொக்கியின் தடிமனுக்கு ஈடு செய்யவே அந்த ஆட்டம். சுத்தியால் தட்டி இறுக்கிவிட்டால் இரண்டில் ஒரு வகை அளவு எப்போதும் ஒரு மில்லிமீட்டர் தவறும்.

உங்கள் பக்கங்களில் செய்யக்கூடிய மாற்றங்கள் நான்கு. அடியையும் அங்குலத்தையும் சேர்த்துச் சொல்லும்போது புள்ளியை விட்டுவிட்டு '5 அடி 6 அங்குலம்' என்றே அச்சிடுங்கள். எந்த முறையில் அளந்தார்களோ அந்த அளவை முதலிலும், மாற்றிய அளவை அடைப்புக்குறிக்குள்ளும் போடுங்கள். 'சுமார் 6 அடி' என்பதை '182.88 செ.மீ.' என்று மாற்றாமல் 'சுமார் 180 செ.மீ.' என்று எழுதுங்கள். குழாய், பிளைவுட், டைல்ஸ் ஆகியவற்றுக்கு வழக்கிலுள்ள பெயரோடு உண்மையான மில்லிமீட்டரையும் சேருங்கள்: 'அரை அங்குலக் குழாய் மரை, வெளிவிட்டம் 21 மி.மீ.' என்பதுபோல. ஒரு வரிதான் கூடும். அந்த வரியைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துப்போகும் வாசகர் சரியான பொருளோடு திரும்புவார்.

இப்படிக்கு,
அளவு வேலையில் பழகிய ஒரு வாசகர்